செப்சிஸ் வந்தால் இதயமும் காயப்படலாம்: ரத்தப் பரிசோதனை காட்டுவது என்ன?

சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ தொடங்கிய கிருமித்தொற்று முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் சேர்க்கப்படுகிறார். மறுநாள், “ரத்தத்தில் டிரோபோனின் கூடியிருக்கிறது, இதயமும் பாதிக்கப்பட்டுள்ளது” என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பத்தார் திகைத்துப் போகின்றனர். காய்ச்சலுக்காகச் சேர்த்தவருக்கு மாரடைப்பு எப்படி வந்தது என்பதே அவர்களின் முதல் கேள்வி.

அது மாரடைப்பாக இருக்கலாம். ஆனால் செப்சிஸ் நோயாளிகள் பலருக்கு அப்படி இருப்பதில்லை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால், அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்பது முக்கியமாகிறது.

செப்சிஸ் என்றால் என்ன?

கிருமித்தொற்றை எதிர்க்கவேண்டிய உடலின் தற்காப்பு ஆற்றல் கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தி உயிருக்கு ஆபத்தை ஏற்படுத்தும் நிலையே செப்சிஸ். 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அனைத்துலக வரையறையும் இதைத்தான் கூறுகிறது. ‘ரத்தத்தில் கிருமி கலப்பது’ என்று மட்டும் இதைப் புரிந்துகொள்வது சரியன்று. ரத்தத்தில் கிருமி எதுவும் கண்டறியப்படாதவர்களுக்கும் செப்சிஸ் ஏற்படுகிறது.

உலகளவில் 2017ல் 48.9 மில்லியன் பேர் செப்சிசால் பாதிக்கப்பட்டதாகவும் அவர்களில் 11 மில்லியன் பேர் உயிரிழந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த ஆண்டின் மொத்த மரணங்களில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

இதயம் ஏன் தளர்கிறது?

அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வுக் கழகங்களைச் சேர்ந்த மருத்துவர்கள், செப்சிஸ் அதிர்ச்சி நிலையில் இருந்த 20 நோயாளிகளை ஆராய்ந்து 1984ல் முடிவுகளை வெளியிட்டனர். உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்க நாள்களில் இதயத்தின் இறைப்புத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ பத்து நாள்களில் அது வழக்க நிலைக்குத் திரும்பியது. செப்சிசில் இதயம் தளர்ந்தாலும் மீண்டும் தேறக்கூடியது என்பதை உணர்த்திய ஆய்வு இது.

தளர்ச்சிக்குக் காரணங்கள் பல. தற்காப்பு அணுக்கள் சுரக்கும் சைட்டோகைன் எனும் அழற்சிப் பொருள்களும் அளவுக்கு மிஞ்சி உருவாகும் நைட்ரிக் ஆக்சைடும் இதயத் தசை சுருங்கும் வேகத்தைத் தணிக்கின்றன. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சரிவர இயங்குவதில்லை. ரத்த அழுத்தம் விழுந்து இதயத் துடிப்பு வேகமெடுக்கும்போது, இதயத்திற்குத் தேவைப்படும் உயிர்வாயு கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது.

டிரோபோனின்: காயத்தின் அடையாளம்

இதயத் தசை நார்கள் சுருங்கி விரிய உதவும் புரதம் டிரோபோனின். தசை அணுக்கள் காயப்பட்டால் அது ரத்தத்தில் கசிகிறது. இதயத்திற்கே உரிய ‘டி’, ‘ஐ’ என்ற இரு வகைகளை மருத்துவமனைகள் அளவிடுகின்றன.

இப்போதைய நுண்ணுணர்வுப் பரிசோதனைகள் மிகச் சிறிய அளவையும் கண்டுபிடித்துவிடுகின்றன. டிரோபோனின் ‘டி’ பரிசோதனையில், ஒரு லிட்டர் ரத்தத் திரவத்தில் 14 நானோகிராம் என்பது பொதுவாகக் கையாளப்படும் மேல்வரம்பு. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ‘ஐ’ வகைக்கான வரம்பு, பரிசோதனைக் கருவியைப் பொறுத்தும் ஆண், பெண் என்பதைப் பொறுத்தும் மாறும். எனவே, இரு வெவ்வேறு மருத்துவமனைகளின் எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது.

ஒருமுறை எடுத்த அளவு போதாது. சில மணி நேர இடைவெளியில் மீண்டும் ரத்தம் எடுக்கப்படுகிறது. எண் ஏறினாலோ இறங்கினாலோ காயம் புதியது. ஏறக்குறைய மாறாமல் இருந்தால், அது நாட்பட்ட இதய அல்லது சிறுநீரக நோயின் விளைவாக இருக்கலாம்.

மற்றொரு குறியீடு

1988ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் முதன்முதலாகக் கண்டறிந்த ஹார்மோன் ‘பிஎன்பி’. பெயரில் மூளை இருந்தாலும், அதை அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறைகள்தாம். கீழறைச் சுவர் இழுபட்டு விரியும்போது பிஎன்பியும், அதனுடன் பிரியும் ‘என்டி-புரோபிஎன்பி’யும் ரத்தத்தில் கூடுகின்றன. டிரோபோனின் காயத்தைக் காட்டுகிறது என்றால், இவை இதயத்தின் மீதுள்ள சுமையைக் காட்டுகின்றன.

மாரடைப்பா, இல்லையா?

ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் மாரடைப்பில் டிரோபோனின் கூடுகிறது. அடைப்பே இல்லாமல், செப்சிசின் அழற்சியாலும் உயிர்வாயுப் பற்றாக்குறையாலும் அது கூடுகிறது. காயம் இருப்பதை எண் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

மயக்க நிலையில் செயற்கைச் சுவாசக் கருவியுடன் இருப்பவரால் நெஞ்சு வலிக்கிறது என்றுகூடச் சொல்ல இயலாது. அதனால் மருத்துவர்கள் இசிஜி பரிசோதனையில் புதிய மாற்றம் உண்டா என்றும், எக்கோ ஸ்கேனில் இதயச் சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் உள்ளதா அல்லது இதயம் முழுவதும் தளர்ந்துள்ளதா என்றும் பார்க்கின்றனர். ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அடைப்பு குறித்த சந்தேகம் வலுக்கும். மாரடைப்புக்குரிய ரத்தக்கட்டுத் தடுப்பு மருந்துகளைத் தேவையின்றிக் கொடுத்தால், செப்சிஸ் நோயாளிக்கு ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு.

சிகிச்சையில் என்ன மாறுகிறது?

செப்சிஸ் அதிர்ச்சிக்கான 2021ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி, ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்கச் சொல்கிறது. முதல் மூன்று மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லிலிட்டர் திரவம் ஏற்றவும் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1.8 லிட்டர். இதயம் தளர்ந்திருந்தால், அதன் பிறகு ஏற்றும் திரவம் நுரையீரலில் தேங்கக்கூடும். அந்த நிலையில் எவ்வளவு திரவம், எப்போது நோர்எபிநெஃப்ரின், டொபியூட்டமின் போன்ற மருந்து என்பதை முடிவுசெய்ய எக்கோவும் ரத்தக் குறியீடுகளும் துணைநிற்கின்றன.

குறியீடு கூடியவர்களுக்கு மரண அபாயம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், எண்ணைக் குறைப்பதற்கென்று தனி மருந்து இல்லை. இதயத்திற்கு வலுவூட்டும் லெவோசிமென்டான் மருந்தை பிரிட்டனில் 516 நோயாளிகளிடம் சோதித்து 2016ல் வெளியான ஆய்வில், உறுப்புகளின் பாதிப்போ மரணமோ குறையவில்லை. தொற்றின் மூலத்தை அகற்றுவதே இதயத்தையும் காக்கும் முதன்மைச் சிகிச்சை.

குறியீடுகளுக்கு வரம்பும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரண்டுமே கூடியிருக்கும். முதுமையில் என்டி-புரோபிஎன்பி இயல்பாகவே உயரும். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் குறைவாகத் தெரியும்.

குடும்பத்தார் அறியவேண்டியவை

மூத்தோர், நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு செப்சிஸ் அபாயம் அதிகம். எனினும் மற்றவர்களுக்கும் அது வரலாம். 2015ல் சிங்கப்பூரில் பச்சையாக உண்ணப்பட்ட நன்னீர் மீன் வழி பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பரவியபோது, உடல்நலத்துடன் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டனர்.

காய்ச்சலுடன் குழப்பமான பேச்சு, மூச்சு வாங்குதல், கடும் நடுக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், தோல் வெளிறுதல் அல்லது திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கக்கூடாது. மூத்தோருக்குச் சில வேளைகளில் காய்ச்சலே இருக்காது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணில் அவசர மருத்துவ வாகனத்தை அழைக்கலாம்.

செப்சிசிலிருந்து மீண்டவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று தொடர் கண்காணிப்பு ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே, வீடு திரும்பும்போது மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்பது நல்லது: டிரோபோனின் கூடியதற்குக் காரணம் என்ன, எக்கோவை எப்போது மீண்டும் எடுக்கவேண்டும், நிறுத்திவைத்த ரத்த அழுத்த, இதய மருந்துகளை எப்போது தொடரலாம். சளிக்காய்ச்சல், நிமோகாக்கல் தடுப்பூசிகள் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.