வானொலித் தொடர்பும் ஒப்புகையும்

திருவனந்தபுரத்தில் ஒருவர் தம் வீட்டு மாடியிற் கட்டிய கம்பியின் வழியே, நள்ளிரவில், பிரேசில் நாட்டார் ஒருவருடன் சில விநாடிகள் பேசுகிறார் என வைத்துக்கொள்வோம். பேச்சு முடிந்ததும் பதிவேட்டைத் திறந்து, நாள், நேரம், அலைவரிசை, எதிரிலிருந்தவரின் அழைப்புக் குறி ஆகியவற்றை எழுதிக்கொள்கிறார். பேசியது மெய்தானா என்று ஒருவர் வினவினால், அந்த ஏடு ஒன்றே சான்றாகுமா? பதிவுத் தபாலில் விடுத்த கடிதத்துக்குக் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு வந்து சேரும்வரை மனம் அமைதியுறாத அனுபவம், ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் உண்டு. அமெச்சூர் வானொலியாளர் நாடுவதும் அத்தகைய ஒப்புகையையே.

ஊதியத்துக்காக அன்றி, ஆர்வத்தினால் அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் உலகத்தாரோடு உரையாடுவோர் இவர்கள். பதிவேடு வைத்திருத்தல் இந்தியாவில் 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி இவர்களுக்குக் கடமை. ஆனால் சிற்றலையோ வானின் மேலடுக்கிற் பட்டுத் திரும்புவது. அவ்வடுக்கு சூரியனுக்கேற்ப ஓயாது மாறுவது. ஓர் எழுத்து மங்கினாலும் அழைப்புக் குறி பிறழ்ந்துவிடும். ஆகவே ஒருவர் ஏட்டில் உள்ளது மற்றவர் ஏட்டிலும் இருந்தால்தான் அது தொடர்பு எனப்படும்.

1912-ஆம் ஆண்டு லண்டனிற் கூடிய பன்னாட்டு வானொலித் தந்தி மாநாட்டில் வகுத்த குறிகளுள் 'கியூ.எஸ்.எல்.' என்பதும் ஒன்று. 'பெற்றுக்கொண்டேன்' என்பது அதன் கருத்து. அப்பெயரிலேயே அஞ்சலட்டைகள் அச்சாகிக் கடல் கடந்தன. நம் சென்னையில் 1924-ஆம் ஆண்டு கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் வானொலிக் கழகம் கண்ட காலத்தில், இவ்வழக்கம் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. 1937-இல், நூறு நாடுகளோடு தொடர்புகொண்டமையை மெய்ப்பிப்போருக்கு அமெரிக்க வானொலி ரிலே லீக் என்னும் சங்கம் ஒரு விருதை ஏற்படுத்தவே, விளையாட்டாய் இருந்த அட்டை சான்றாவணமாகிவிட்டது. 1939-இல் போர் மூண்டதும் இந்திய அமெச்சூர்களின் குரல் அடக்கப்பட்டது. போர் ஓய்ந்தபின் உரிமங்கள் மீண்டன. 1948-இல் மோவ் நகரில் அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. அட்டைகளைக் கட்டுக்கட்டாய்த் திரட்டி அனுப்பும் வழி செலவைக் குறைத்ததேயன்றி, காத்திருப்பைக் குறைக்கவில்லை. ஓர் அட்டை வந்து சேர ஆண்டுகளும் ஆகும். வானொலி நிலையங்களும் இவ்வழக்கத்தை ஏற்றன: திருவனந்தபுரம் நிலையம் சிற்றலையில் ஒலித்த நாட்களில், தொலைவிலிருந்து கேட்டெழுதிய நேயர்களுக்கு அகில இந்திய வானொலி ஒப்புகை அட்டை அனுப்பிற்று.

இரண்டு ஏடுகளை ஒப்பிட்டு மெய் காணும் முறை திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. வானொலி என்ற சொல்லே பிறவாத காலத்தில், 1837-ஆம் ஆண்டு, சுவாதித் திருநாள் மகாராஜா அங்கு ஒரு வான ஆய்வுக்கூடம் நிறுவினார். 1852-இல் அதன் தலைமையை ஏற்ற ஜான் ஆலன் புரூன் என்பார் காந்த ஊசியின் அசைவுகளை ஆராய்ந்தவர். நகரக் குன்றின் மேலிருந்த கூடத்தோடு அவர் நிறைவுறவில்லை. ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அகத்தியமலையின் உச்சியிலும் மற்றொரு கூடம் அமைத்தார். மழையும் குளிரும் மிக்க அம்முடியில் ஊசியின் நிலையைக் குறித்துவைத்த அதே வேளையில், கீழே நகரிலும் குறித்துவைத்தனர். இரு கணக்கும் ஒத்திருப்பது எங்கே, வேறுபடுவது எங்கே என்பதே புரூனின் வினா. அக்கணக்குகள் 1874-இல் லண்டனில் நூலாய் வெளிவந்தன. நூல் புரூனின் பெயரைத் தாங்குகிறது. ஏட்டை நிரப்பிய உள்ளூர் உதவியாளர்களை நினைப்பார் அரியர் என்பதை இங்கே சொல்லிவைப்பது தகும்.

பூமியின் காந்த நடுக்கோடு இந்நகரின் அருகே செல்வதால்தான், 1963 நவம்பர் 21-ஆம் நாள், பக்கத்துத் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அக்கோட்டின் மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தளவில் ஓடும் மின்னோட்டத்தை அறிவது அந்நிலையத்தின் முதல் நோக்கங்களில் ஒன்று. மாடியிற் கம்பி கட்டிய அமெச்சூரின் அலையும் அவ்வானையே கடக்கவேண்டும்.

2003 செப்டம்பரில் அதே அமெரிக்கச் சங்கம், 'லாக்புக் ஆப் தி வேர்ல்டு' என்னும் இணையப் பதிவேட்டைத் திறந்தது. அட்டைக்கு வேலை குறைந்தது. முதலில் ஆளை நம்பவேண்டுமல்லவா? எனவே அமெரிக்காவுக்கு வெளியே வாழ்வோர், தம் உரிமத்தின் படியையும் வேறோர் அரசு ஆவணத்தின் படியையும் அனுப்பி, மின்சான்றிதழ் பெறவேண்டும். பின்னர்ப் பதிவேட்டை அச்சான்றிதழின் மறைகுறியாற் கையொப்பமிட்டு விடுத்தால், எதிர்த்தரப்பின் ஏட்டோடு கணினியே ஒப்பிடுகிறது. அழைப்புக் குறி, அலைவரிசை, பேசிய முறை ஆகியவை பொருந்தவேண்டும். நேரம் முப்பது நிமிடத்துக்குள் ஒத்திருக்கவேண்டும்.

நம்மவர் இடறும் இடம் இந்த நேரந்தான். ஏடு உலகப் பொது நேரத்தில் இருத்தல் வேண்டும். இந்திய நேரமோ அதனினும் ஐந்தரை மணி முந்தியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டால், மெய்யாகவே நடந்த உரையாடலும் பொருத்தம் காணாது கிடக்கும். திருவனந்தபுரத்தில் அதிகாலை மூன்று மணிக்குப் பேசினால், தேதிகூட முந்தைய நாளுடையது! கணினி பொய் என்று சொல்வதில்லை. மறுதரப்பின் பதிவு வரவில்லை என்றே கொள்கிறது. எதிரிலிருந்தவர் தம் ஏட்டை அனுப்பாமலே இருந்துவிட்டாலும் இதே நிலைதான். அட்டைக் காலத்துக் காத்திருப்பு முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதே நம் எண்ணம்.

நூறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தாங்கும் அவ்வேடு, 2024 மே மாதத்தில், சங்கத்தின் கணினிகள் தாக்குதலுக்குள்ளானபோது மூடப்பட்டது. சூலை முதல் நாள் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட வாரங்களிலும் அமெச்சூர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தனர். அவ்வாரங்களின் கணக்கு அவரவர் ஏட்டில் இருந்தது. கதவு திறந்ததும் அதை அனுப்பிவைத்தனர்.