கரும்பொருள்

ஒளியை உமிழாமலும் உறிஞ்சாமலும், ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் பொருள். 'இருண்ட பொருள்' எனவும் வழங்கும். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் இதன் பங்கு ஏறத்தாழ 27 விழுக்காடு. நாம் அறிந்த அணுப்பொருளின் பங்கு 5 விழுக்காடே.

1906இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரே இச்சொல்லை ஆண்டார். அத்தகைய பொருள் மிகுதியாக இராது என்றே கருதினார். 1933இல் பிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்து, காணாப் பொருளே அவற்றைச் சிதறாமல் பிணைத்திருக்க வேண்டும் என்றார். அன்று தொலைவுகள் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்ததால் அவர் கணக்கு மிகைப்பட்டது. பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் இக்கருத்து ஓரமாகவே கிடந்தது.

1960களின் பிற்பகுதியில், வாசிங்டன் கார்னெகி நிறுவனத்தைச் சேர்ந்த வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தை ஆராயத் தொடங்கினர். ஃபோர்டு அமைத்த நிறமாலைமானியில் மங்கிய ஒளியைப் பெருக்கும் குழாய் ஒன்று இருந்தது. அதை அரிசோனா மலைகளின் தொலைநோக்கிகளுக்குக் கொண்டுபோய், ஒளிரும் வளிம முகில்கள் 67இன் வேகத்தை ஒவ்வொன்றாக அளந்தனர். புதன் விரைந்து சுற்ற நெப்டியூன் மெதுவாகச் சுற்றுவதுபோல, மண்டலத்தின் ஓரத்து முகில்களும் தளர்ந்து சுற்றும் என்பது எதிர்பார்ப்பு. அவை தளரவில்லை. 1970இல் வெளியான கட்டுரை அளவீட்டைத் தந்ததோடு நின்றது. காணாப் பொருள் என்ற முடிவுக்கு அது தாவவில்லை. இந்த நிதானம் அவர்கள் ஆய்வுகளின் தனிச்சிறப்பு. 1980இல் நார்பர்ட் தோனார்டும் சேர, 21 சுருள் மண்டலங்களில் இதே போக்கு உறுதியாயிற்று. 1965இல் பாலோமர் வான்நோக்ககத்தில் முறைப்படி அனுமதி பெற்ற முதல் பெண் ரூபினே. அங்கே ஆண்களுக்கு மட்டுமே கழிப்பறை இருந்தது. அவர் காகிதத்தில் பாவாடை வெட்டிக் கதவிலிருந்த ஆண் உருவத்தின்மேல் ஒட்டினார் என்பர்.

கண்டுபிடிப்பில் முதன்மை யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காணாப் பொருள் இருக்கலாம் என்பதைக் கென் ஃப்ரீமன் 1970இலேயே குறிப்பாகச் சொன்னார். ஆல்பர்ட் பொஸ்மாவின் வானொலி அலை அளவீடுகள் 1978இல் வந்தன. கரும்பொருளே தேவையில்லை, ஈர்ப்பு விதியைத் திருத்தினால் போதும் என்று 1983இல் மில்க்ரோம் முன்வைத்த கோட்பாட்டுக்கு இன்றும் ஆதரவாளர் உளர். எனினும் 2006இல் ஆராயப்பட்ட 'புல்லட்' கொத்து, கரும்பொருளுக்கு வலுவான சான்றாகப் பலரால் கருதப்படுகிறது.

ஆனால் கரும்பொருளின் துகள் எதுவும் இதுவரை சிக்கவில்லை.

ரூபின் 2016இல் மறைந்தார். நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் பெயர் தாங்கிய வான்நோக்ககம் சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலையில் உள்ளது. அதன் முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியாயின.