காணி உறுதியும் கோபால்ட் மணிகளும்

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்துள்ள கிராமம் கட்டைபறிச்சான். 2006 ஆம் ஆண்டுப் போரில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் இங்கிருந்த முகாமிலேயே வாழ்ந்தனர். செய்தி சேகரிக்கச் சென்ற என்னிடம் முதியவர் ஒருவர் பொலித்தீன் பையைப் பிரித்துத் தமது காணி உறுதியைக் காட்டினார். "தம்பி, இது நனைஞ்சு போனா என்ர காணி எண்டு ஆர் நம்புவினம்?" என்றார். அதைப் படமெடுத்து என் கணினியின் வன்தட்டில் சேமித்தேன். கடதாசியை விட அது எவ்வளவு நம்பத்தக்கது? இந்தக் கேள்விதான் என்னை உலோகத் துகள்களின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

1956 இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகம் செய்த முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அவற்றின் மேல் இரும்பு ஒக்சைட்டுப் பூச்சு. கொள்ளளவோ ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. பிற்காலத்தில் அப்பூச்சின் இடத்தைக் கோபால்ட் கலப்புலோகப் படலம் பிடித்தது. அதன் மணிகள் 10 நானோமீட்டரிலும் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு காந்தம். சில மணிகள் சேர்ந்து நோக்கும் திசையே பதிவு.

மணி சிறுக்கச் சிறுக்கக் கூடுதலாக எழுதலாம். ஆனால் அதற்கோர் எல்லை உண்டு. அதனை 1949 இலேயே விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி நீல். 1970 இல் நோபல் பரிசு பெற்றவர். மிகச் சிறிய மணியின் காந்தத் திசையை அறை வெப்பமே புரட்டிவிடும் என்றார் அவர். ஏறத்தாழ 9 நானோமீட்டர் விட்டமுள்ள கோபால்ட் மணி தன் திசையைப் பல பத்தாண்டுகள் காக்கும். அதுவே 7 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைந்தால், ஒரு வினாடிக்குள் மறந்துவிடும்!

சிறுமை மாற்றுவது காந்தத்தை மட்டுமன்று. பெங்களூரில் சி. என். ஆர். ராவ் குழுவினர் 1990களில் நுண்ணிய உலோகத் துகள்களைப் பரப்பின்மேல் படியவைத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒரு நானோமீட்டரளவுக்குச் சுருங்கும்போது உலோகம் தன் உலோகத்தன்மையையே இழக்கத் தொடங்குவதை அவர்கள் கண்டனர்.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2003 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பிளாட்டினப் பரப்பின்மேல் தனித்தனிக் கோபால்ட் அணுக்களை வைத்துக் கடுங்குளிரில் அளந்தார்கள். அணு ஒன்று தன் திசையைப் பற்றி நிற்கும் உறுதி, சாதாரணக் கோபால்ட்டில் உள்ளதைப் போல் சுமார் 200 மடங்காக இருந்தது. அண்டை அணுக்கள் குறைந்ததோடு, காலடியில் இருந்த பிளாட்டினமும் இதற்குக் காரணம்.

சம்பூர்க் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. அந்த உறுதியின் படத்தை நான் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் பிரதி எடுக்கிறேன். வாசகர்களே, உங்கள் வீட்டு ஆவணங்களுக்கும் இதையே செய்யுங்கள். கடதாசியை நீர் அழிக்கும். மணியை வெப்பம் புரட்டும். இரண்டையும் காப்பது மனிதர் மீண்டும் மீண்டும் எழுதி வைப்பதே.