எர்த்

பொம்மிடியில் வண்டி எலக்ட்ரீஷியன் வாயில் ‘பாடி எர்த்’, பாடநூலில் ‘புவித்தொடுப்பு’. அமெரிக்கர்களுக்கு இதுவே ‘கிரவுண்ட்’.

தந்திக் காலத்துச் சொல் இது. 1838-இல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல், மின்சாரம் திரும்பிவர இரண்டாவது கம்பி வேண்டாம், மண்ணே போதும் என்று காட்டினார். ரப்பர் டயர்மேல் நிற்கும் ஜீப்பில் மண்ணுக்கு என்ன வேலை? ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த இரும்பு உடம்புதான் இங்கே எர்த்.

போலீஸ் ஜீப்பின் வயர்லெஸ் செட், கேட்கும்போது மிகக் குறைவாகவே கரண்ட் இழுக்கும். 25 வாட்டில் பேசினால் 5, 6 ஆம்பியர். அதனால்தான் எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால், நன்றாகக் கேட்கும் செட்கூட மைக்கை அழுத்தியதும் அணைந்துபோகிறது. பெரும்பாலும் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அல்லது துரு.

மைக்கை அழுத்தியபடியே பேட்டரி மைனஸுக்கும் செட்டின் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை, சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.