வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்

1931 மே 4ஆம் திகதி இலங்கை அரசாங்க சபைத் தேர்தலுக்கு நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டன. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட முன்வரவில்லை. டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராஜ்யம் தரவில்லை, ஆகவே அதனைப் பகிஷ்கரிப்போம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்புக்குக் கிடைத்த வெற்றி அது.

ஹண்டி பேரின்பநாயகமும் அவர் தோழர்களும் 1924இல் தொடக்கிய இயக்கம் இது. இன பேதமும் சாதி பேதமும் அற்ற சுதந்திர இலங்கையே அதன் இலட்சியம். அவ்விளைஞரின் தியாக உணர்வை நாம் ஐயுறவில்லை. நாம் கேட்பது ஒன்றே: இவ்வளவு முழுமையாக நிறைவேறிய பகிஷ்காரம் ஏன் பயனற்றுப் போயிற்று?

1944இல் வொன் நொய்மனும் மோர்கன்ஸ்டேர்னும் நூலாக வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாடு இங்கே நமக்கு உதவுகிறது. ஒருவர் அடையும் பலன் அவர் செயலை மட்டும் பொறுத்ததன்று. மற்றவர் செயலையும் பொறுத்தது என்பதே அதன் அடிப்படை. ரூசோ 1755லேயே இதற்கோர் உவமை தந்தார். மானை வளைத்துப் பிடிக்க வேடர் எல்லோரும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். முயல் ஒன்று குறுக்கே ஓடினால் ஒருவன் அதன் பின்னே ஓடிவிடுவான். மான் தப்பும், இடம் விட்டு அகலாதவர் பட்டினி கிடப்பர்.

1931இல் சுயராஜ்யம் மான். சபை ஆசனம் முயல். தென்னிலங்கைத் தலைவர் சிலர் யாழ்ப்பாணத்தின் துணிவைப் போற்றினர். ஆனால் தேர்தல் அங்கே நடந்தேறியது. இதில் வியப்பென்ன? தெற்கில் ஒருவர் ஒதுங்கியிருந்தால் அவ்விடத்தை அவரது போட்டியாளர் பிடித்திருப்பார். புகழ்வதற்குச் செலவில்லை, சேர்வதற்கோ ஆசனமே விலை. ‘நீங்கள் ஒதுங்கினால் நாங்களும் ஒதுங்குவோம்’ என்று முன்கூட்டியே இரு பக்கத்தையும் பிணைக்கும் உடன்பாடு இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம். ஏப்ரல் மாநாட்டில் பிறந்த தீர்மானத்துக்கும் நியமன நாளுக்கும் இடையே அதற்கு அவகாசமே இருக்கவில்லை.

கணக்கில் சேராத இன்னொரு சாராரும் இருந்தனர். அதுவரை இலங்கை மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வருக்கே வாக்கு இருந்தது. டொனமூர் திட்டம் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் அதனை வழங்கிற்று. சர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற மேட்டுக்குடித் தலைவர்கள் அதை எதிர்த்திருந்தனர். வாலிபர் காங்கிரஸின் நோக்கம் அதுவன்று. தீண்டாமையை எதிர்த்தவர் அவர்கள். ஆயினும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களும் பெண்களும் தங்கள் முதல் வாக்கை அளிக்க முடியாமற் போயிற்று. விளைவை அளக்கும்போது நோக்கம் மட்டும் போதுமா?

1934இல் இடைத்தேர்தல் நடந்தபோது சூழ்நிலை மாறியிருந்தது. அவ்வாண்டு பருத்தித்துறையில் வென்ற ஜி. ஜி. பொன்னம்பலம் பின்னர் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையின் குரலானார். 1936இல் சபையின் ஏழு நிர்வாகக் குழுக்களும் தெரிந்த அமைச்சர் எழுவரும் சிங்களவராயினர். இனம் கடந்த அரசியலைக் கனவு கண்டோர் ஒதுங்கிய இடத்தில் இன அரசியல் வேரூன்றிற்று. இதற்குப் பகிஷ்காரம் ஒன்றே காரணமென்று நாம் கூறவில்லை. அதற்கும் பங்குண்டு என்கிறோம்.

பகிஷ்காரம் கூடாதென்பது நமது முடிவன்று. வேலைநிறுத்தத்தில் இறங்குமுன் தொழிற்சங்கம் ஒவ்வொரு பகுதியினரின் உறுதியையும் பெறுகிறது. பிரிந்து போகிறவன் என்ன பெறுவான் என்றும் எண்ணிப் பார்க்கிறது. நலன்கள் முரண்படும் இடத்தில் பேசப் போகும் ஆசிரியர் சங்கமும் மாணவர் மன்றமும் இதையே செய்ய வேண்டும். எதிரிலிருப்பவர் நம்மோடு நின்றால் என்ன இழப்பார்? நம்மைக் கைவிட்டால் என்ன பெறுவார்? நம் தீர்மானத்தின் விலையை நமக்குள்ளே யார் செலுத்துவார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே தீர்மானம் நிறைவேறட்டும்.