வங்கதேசத்துக் கிராமங்களில் மின்விளக்கும் தவணை வியாபாரமும்

கிழக்கு வங்காளத்தில் மின்விளக்கு ஒரு பிரபுவின் தானத்தோடு தொடங்கிற்று. 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் டாக்கா நகரத்து வீதிகளில் ஏற்றப்பெற்ற விளக்குகளுக்கு வேண்டிய பொருளை நவாப் குவாஜா அஹ்ஸனுல்லா வழங்கினார். அவ்வொளி நகரத்தின் எல்லையைக் கடந்து, ஆறுகளால் துண்டுபட்டுக் கிடந்த கிராமாந்தரங்களை அடைவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் கூட்டுறவும், வியாபாரமும், சர்க்காரும் முறையே அதைச் சுமந்து சென்றன. இவற்றுள் வியாபாரம் ஆற்றிய தொண்டைக் குறித்து உலகெங்கும் புகழுரைகள் எழுந்திருக்கின்றன. அத்தொண்டு எவருடைய மூலதனத்தின்மீது நின்றது, தாரித்திரியத்தை எவ்வளவு தூரம் தொட்டது, தோன்றிய வேகத்திலேயே அது அடங்கிப்போனதற்குக் காரணம் யாது என்பவற்றை ஆராயப் புகுந்தவர் சிலரே.

பாகிஸ்தான் ஆட்சிக் காலத்தில் கர்ணபூலி நதியின் குறுக்கே காப்தாயில் அணை எழுந்தது. 1962-இல் அங்கே மின் உற்பத்தியும் தொடங்கிற்று. சட்டக்கிராம மலைநாட்டில் சக்மா மக்கள் உழுது வந்த வளமான நிலங்கள் நீரில் மூழ்க, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். விளைந்த மின்சாரமோ பெரும்பாலும் ஆலைகளையும் நகரங்களையுமே நாடிச் சென்றது. நாடு சுதந்திரம் பெற்று 1972-இல் இயற்றிய அரசியல் சாசனம், தன் 16-ஆவது ஷரத்தில், கிராமங்களுக்கு மின்சாரம் அளிப்பதை இராஜ்யத்தின் கடமைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. மின்சாரத்தைச் சாசனத்தில் எழுதிவைத்த தேசங்கள் அதிகமில்லை. எழுதியதை நிறைவேற்றப் பணம் இல்லை என்பதும் அன்றே எல்லோரும் அறிந்ததுதான்.

1977-இல் தோன்றிய கிராம மின்மய வாரியம், அமெரிக்க உதவியுடனும், அந்நாட்டுக் கிராமிய மின்கூட்டுறவுச் சங்கங்களின் ஆலோசனையுடனும், ‘பல்லி வித்யுத் சமிதி’ எனப்படும் கூட்டுறவு அமைப்புகளை நிறுவத் தொடங்கிற்று. மின்சாரம் வாங்குவோரே சங்கத்தின் அங்கத்தினர். அவர்கள் தேர்ந்தெடுத்த கிராமவாசிகளே அதன் நிர்வாக சபையினர். மின்திருட்டும் கட்டண பாக்கியும் மலிந்திருந்த நகர விநியோகத்தோடு ஒப்பிட, இச்சமிதிகள் பணம் வசூலிப்பதில் சிறந்து விளங்கின. ஆயினும் ஒரு விதி அவற்றைக் கட்டுப்படுத்திற்று: புதிதாகக் கம்பி இழுக்கும் ஒவ்வொரு வழியிலும், செலவை ஈடுசெய்யும் அளவுக்கு வருமானம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். ஆகவே அரிசி ஆலையும், ஆழ்குழாய்க் கிணற்று இயந்திரமும், கடைவீதியும் உள்ள ஊர்களுக்குக் கம்பி முந்திச் சென்றது. சார் எனப்படும் ஆற்றுத்திட்டுகளும், கடலோரத் தீவுகளும், ஹாவோர் என்னும் நீர்நிலைப் பிரதேசத்துச் சிற்றூர்களும் காத்துக் கிடந்தன. கம்பி ஊருக்கு வந்த பின்பும், வீட்டுக்கு இணைப்புப் பெறும் செலவு கூலியாட்களுக்கு எட்டாப் பொருளாயிருந்தது.

இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நுழைந்தது. முகம்மது யூனுஸின் கிராமீன் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ‘கிராமீன் சக்தி’ 1996-இல் தீபால் சந்திர பருவாவின் தலைமையில் பிறந்தது. அது விற்ற சரக்கு எளியது: கூரைமேல் ஒரு சூரியத்தகடு, உள்ளே ஒரு பாட்டரி, மின்னோட்டத்தைக் காக்கும் ஒரு சிறு கருவி, சில விளக்குகள், வசதியுள்ளோருக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. விலையோ, அறுவடையை நம்பி வாழும் ஒரு குடும்பம் ஒரே தடவையில் கொடுக்க இயலாத விலை. தொடக்கத்தில் விற்பனை மந்தமாக இருந்ததில் வியப்பில்லை. சுமார் 15 சதவீதம் முன்பணம், எஞ்சியதற்கு மூன்றாண்டு மாதத் தவணை என்ற ஏற்பாடு வந்த பிறகே நிலைமை மாறிற்று. மாதந்தோறும் மண்ணெண்ணெய்க்குச் செலவாகி வந்த பணத்தையே தவணையின் பக்கம் திருப்பிவிட்டதில் இருக்கிறது இவ்வியாபாரத்தின் சூட்சுமம். தவணை வசூலிக்க வரும் ஊழியரே பாட்டரிக்கு நீர் ஊற்றி, கருவியைச் சோதித்து, பழுதையும் நீக்கிச் செல்வார். ஆதலால் கடனைக் கேட்பவர், கதவைத் தாளிட்டு ஒளிந்துகொள்ளத்தக்க மனிதராக அவ்வீட்டாருக்குத் தோன்றவில்லை. பெரிய தகடாக வாங்கி அண்டைக் கடைகளுக்கு விளக்கை வாடகைக்கு விட்ட கடைக்காரரும் உண்டு. 1997-இல் கிராமீன்ஃபோன் தொடங்கிய பின்னர், கைத்தொலைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்குப் பேச்சை விற்ற பெண்களுக்கும், மின்கம்பி இல்லாத இடங்களில் இத்தகடே துணையாயிற்று. பிற்காலத்தில் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று, கருவிகளைத் தாமே பூட்டவும் பழுதுபார்க்கவும் முன்வந்தனர்.

இவ்வளவும் தனியார் சாமர்த்தியம் என்று கொள்வது பிழையாகும். 2003-இல் சர்க்காருக்குச் சொந்தமான ‘இட்கால்’ என்னும் உள்கட்டமைப்பு நிதி ஸ்தாபனம், உலக வங்கியின் கடனையும் உலகச் சுற்றுச்சூழல் நிதியின் மானியத்தையும் கொண்டு, ஐந்தாண்டுகளில் 50,000 வீடுகளுக்குச் சூரியத்தகடு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கிராமீன் சக்தி, பிராக் முதலிய பல நிறுவனங்கள் சரக்கை விற்றுக் கடன் கொடுக்கும். அக்கடனின் பெரும்பகுதியை இட்கால் குறைந்த வட்டியில் அவற்றுக்கு மறுகடனாக வழங்கும். தகட்டுக்கும் பாட்டரிக்கும் தர நிர்ணயம் செய்து, பொருத்தப்பட்ட வீடுகளுக்கு ஆளனுப்பிச் சரிபார்க்கும். குறித்த இலக்கு 2005-லேயே எட்டப்பெற்றது. உலகச் சந்தையில் தகட்டின் விலை வீழ்ந்ததும், மின்சாரத்தைச் சிக்கனமாக உண்ணும் எல்.இ.டி. விளக்கு வந்ததும் இதற்குப் பின்னர் வேகத்தைக் கூட்டின. 2018-இல் திட்டம் முடிவுற்றபோது பொருத்தப்பெற்றவை 41 லட்சத்தைத் தாண்டியிருந்தன. ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் பயன் பெற்றிருந்தனர். வீட்டுச் சூரியத்தகட்டு முயற்சிகளில் இதற்கு நிகரானதை வேறு நாடுகளில் காண்பது அரிது. சரக்கு விற்றவர்களின் உழைப்பு மெய். அவ்வுழைப்புக்கு அடியில் நீண்டகாலக் கடனாகக் கிடந்தது பொதுப்பணம் என்பதும் மெய்.

இனி, ஏழ்மை குறைந்ததா என்ற வினா. மண்ணெண்ணெய்ச் செலவும் புகையும் குறைந்தன. பிள்ளைகள் இரவில் படிக்கும் நேரம் நீண்டது. கடைகள் கூடுதல் நேரம் திறந்திருந்தன. பெண்கள் அச்சமின்றி இரவில் நடமாட இயன்றது. இவை அற்பமானவை அல்ல. ஆனால் இருபது, ஐம்பது வாட் சக்தியைக் கொண்டு நீர் இறைக்கவும் நெல் குத்தவும் முடியாது. வருமானத்தைப் பெருக்கும் இயந்திரம் எதுவும் அவ்விளக்கின் பின்னே வந்து சேரவில்லை. முன்பணம் என்ற வாயிற்படியைத் தாண்ட இயலாத நிலமற்ற குடும்பங்கள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றன. சௌகரியத்தை அளித்த அளவுக்கு ஜீவனோபாயத்தை இவ்வியாபாரம் அளிக்கவில்லை என்பதே என் கருத்து. இதை அதன் குற்றமாகக் கூறவில்லை. வாக்களித்ததைக் காட்டிலும் அதிகமாக அதைப் புகழ்ந்தவர்களிடமே குற்றம் உள்ளது.

இவ்வியாபாரத்தின் வீழ்ச்சிக்கான காரணமும் தகட்டின் இக்குறைந்த சக்தியிலேயே ஓரளவு அடங்கியிருக்கிறது. 2009-இல் மக்கட்தொகையில் பாதிப்பேருக்குக்கூட மின்சாரம் எட்டாத நாட்டில், அவ்வாண்டு பதவியேற்ற சர்க்கார் மின்நிலையங்களையும் கம்பிகளையும் மளமளவென்று பெருக்கிற்று. அதே சமயத்தில் சர்க்காரின் நிவாரணத் திட்டங்கள் வழியாகச் சூரியத்தகடுகள் இலவசமாகவும் வழங்கப்பட்டன; தர நிர்ணயத்துக்கு உட்படாத மலிவுச் சரக்கும் கடைவீதிகளில் குவிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் விலையின்றிப் பெற்றதற்குத் தான் மட்டும் தவணை கட்டுவானேன் என்று கேட்ட விவசாயியை நியாயமற்றவன் என்று சொல்ல முடியுமா? தவணைகள் நின்றன, விற்பனை நிறுவனங்கள் இட்காலுக்குத் திருப்பித்தர வேண்டிய கடனும் தேங்கிற்று.

இம்மாற்றத்தைச் சந்த்வீப் தீவில் கண்கூடாகக் காணலாம். 2010-இல் தனியார் நிறுவனம் ஒன்று, மானியமும் கடனும் பெற்று, அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையத்தை நிறுவி, ஒரு கடைவீதிக்குக் கம்பி வழியே மின்சாரம் விற்றது. யூனிட்டின் விலை 30 டாகாவுக்கு மேல். டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த வணிகர் அதை உவந்தே கொடுத்தனர். 2018-இல் கடலடிக் கேபிள் வழியே தேசிய மின்தொடர் தீவை அடைந்தது. அதில் யூனிட்டின் விலையோ, மானியத்தின் தயவால், தனியார் விலையில் ஒரு சிறு பகுதியே.

2022-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி, நாடு முழுவதும் மின்சாரம் எட்டிவிட்டதென்று பிரதமர் ஷேக் ஹசீனா அறிவித்தார். அதே ஆண்டு ஜூலை மாதம், உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியதன் விளைவாக, வட்டாரந்தோறும் முறைவைத்து மின்வெட்டு தொடங்கிற்று. தவணை கட்டி முடித்து, பாட்டரியையும் பேணி வைத்திருந்த வீடுகளுக்கு அவ்விரவுகளில் பழைய தகடு பயன்பட்டது. அவற்றைப் பழுதுபார்க்க முன்னர் வந்து சென்ற ஊழியர்களின் கிளை அலுவலகங்களோ அதற்குள் பல இடங்களில் மூடப்பட்டுவிட்டன.