தோணித்துறை வகுத்த ஊர்

தூத்துக்குடியின் கடல் ஆழமற்றது என்பதிலேயே அவ்வூரின் சரித்திரத்தில் பாதி அடங்கிவிடும். 1974-ஆம் ஆண்டுக்கு முன்பு பெரிய கப்பல்கள் யாவும் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நின்றன. பஞ்சுப் பொதியும் நிலவாகை இலையும் தோணிகளில் ஏறி, காற்றின் தயவுக்குக் காத்திருந்து, அலை கடந்து அவற்றைச் சென்றடைந்தன. துறைமுகம் மதிலுக்குள் அடைபட்ட தனி ஸ்தாபனமாய் இராமல் கடற்கரைத் தெருவோடு கலந்தே இருந்தபடியாலும், சாதகமான காற்று எந்த நாழிகையில் எழும் என்று எவரும் அறியாதபடியாலும், சுமை தூக்கும் கூலியாளும், கணக்கெழுதும் குமாஸ்தாவும், சரக்குடைய வியாபாரியும் கூப்பிடு தூரத்திலேயே குடியிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. வீடும் தொழிலும் கடையும் கலந்து, நடந்தே சகல காரியங்களையும் முடித்துக்கொள்ளத்தக்க ஊரை அமைப்பது எவ்வாறு என்று இக்காலத்து நகர நிபுணர்கள் ஆராய்கிறார்கள். இங்கே அதைத் தோணித்தொழில் தன் சௌகரியத்துக்காகச் செய்துவைத்தது.

1713-இல் எழும்பிய பனிமய மாதா ஆலயத்திலிருந்து, 1750-இல் டச்சுக்காரர் கட்டிய ஆலயத்தைக் கண்டு, கிரேட் காட்டன் ரோட்டின் வழியே சிவன் கோயில் வரை நடப்பவர் அதிகம் களைக்க மாட்டார். கரிசல் சீமைப் பஞ்சு முதலில் மாட்டுவண்டியிலும், 1876-க்குப் பின் ரயிலிலும் இச்சாலைக்கு வந்து சேர்ந்தது. கீழே கிட்டங்கி, மேலே குடித்தனம் என்பது வியாபாரிகள் வீட்டின் லட்சணம். பொதி உருளும் ஓசையோடுதான் மாடியில் குழந்தை உறங்க வேண்டும். இந்த நெருக்கத்தைச் சமத்துவம் என்று கொண்டு மயங்கலாகாது. இன்ன தெரு இன்ன சமூகத்துக்கு என்ற எழுதாத சட்டம் இருந்தது. நல்ல தண்ணீருக்கோ எல்லாத் தெருவுமே தவித்தது. நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாயில் கொணர்ந்தது 1927-இல். திட்டமிடுதல் என்பதன் உண்மையான பெருமையைக் காண விரும்புவோர் அக்குழாயைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தொழிலைக் குடியிருப்பினின்றும் பிரித்து வைக்கும் எண்ணமும் இக்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பாகிய சலாபம் கூடும்போது, வெறும் மணல்வெளியில் ஓலைக்கொட்டகைகளாலான ஒரு தற்காலிக ஊர் எழும். மூழ்குவோரும், வட்டிக்காரரும், முத்து வியாபாரிகளும், சர்க்கார் சேவகரும் அங்கே வந்து நிறைவர். 1889-இல் நடந்த சலாபத்தைச் சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். தோணிகள் சிப்பி விளையும் கடலடிப் பாரிலிருந்து திரும்பியதும் சிப்பிகளை மூழ்குவோரே மூன்று குவியலாகப் பங்கிட வேண்டும். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அதிகாரி கைகாட்டுவார், மற்ற இரண்டும் சர்க்காருக்கு. பங்கிடுபவர் ஒருவர், தேர்பவர் வேறொருவர் ஆகையால் குவியல்கள் சமமாகவே இருக்கும். ஏலம் எடுத்த சிப்பியை வேலியடைத்த கொட்டுகளில் அழுகவிட்டு, ஈ மொய்த்து ஊன் கரைந்த பிறகு கழுவி முத்தெடுப்பார்கள். அந்தத் துர்க்கந்தத்தை எந்த ஊரும் தன் நடுவே பொறுக்காது. ஆகவே நாற்றம் எதுவரை எட்டுமோ அதற்கப்பால் தொழில் நின்றது. நாற்றமில்லாத தொழில் ஊருக்குள்ளேயே இருந்தது. 1961-இல் நடந்ததே கடைசிச் சலாபம்.

நெருங்கிய ஊரின் வலிமையை 1908-ஆம் வருஷம் காட்டியது. கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரனாரின் பேச்சைக் கேட்க ஆலையிலிருந்தும் தெருக்களிலிருந்தும் ஜனங்கள் கால்நடையாகவே திரண்டனர். வேலைநிறுத்தத்துக்கு விரோதமாய்ப் பேசிய வக்கீல் ஒருவரை நாவிதர் பாதிச் சவரத்தில் விட்டுப் போனார் என்ற கதை இன்றும் வழங்குகிறது. நாவிதரும் வக்கீலும் தொழிலாளியும் ஒருவரையொருவர் முகமறிந்து வாழும் ஊரில்தான் அத்தகைய பகிஷ்காரம் பலிக்கும்.

சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்து நகரத் திட்ட நிபுணரான பேட்ரிக் கெடிஸ் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பழைய ஊர்களை நேர்கோட்டுச் சாலைகளால் பிளப்பதைக் கண்டித்து, சந்துகளையும் குளங்களையும் காத்து, வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்க வேண்டும் என்று அவர் 1915-இல் மதுரை முதலிய நகரங்களைப் பற்றிய அறிக்கைகளில் வற்புறுத்தினார். 1920-இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் பிறந்தது. 1971-ஆம் வருஷத்துச் சட்டமோ குடியிருப்பு, வர்த்தகம், தொழில், விவசாயம் என்று நிலத்தைப் பிரித்து வரைபடத்தில் குறிக்க வழி செய்தது. அனல்மின் நிலையத்தையும் உப்பளத்தையும் வீட்டுக்கு அருகில் வைக்கச் சொல்பவர் எவருமில்லை. கயிறு விற்கும் கடையையும் கணக்கப்பிள்ளையின் திண்ணையையும் அவற்றோடு ஒரே நியாயத்தில் நிறுத்துவதே தவறு.

ஆனால் பழைய ஊரைத் தளர்த்தியது முக்கியமாகச் சட்டமன்று. 1964-இல் அஸ்திவாரமிட்டு 1974-இல் திறந்த ஆழ்கடல் துறைமுகம் ஊருக்குத் தெற்கே அமைந்தது; கப்பல் கரையணைந்தே நின்றதால் தோணிக்குக் காத்திருக்கும் ஆட்கூட்டத்துக்கு அங்கே அவசியமில்லை. துறைமுக ஊழியருக்கு அதனருகே தனிக் குடியிருப்பு எழுந்தது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகளால் பழைய துறை இன்னும் ஜீவித்திருக்கிறது. கிட்டங்கித் தெருக்களின் கலகலப்பு அந்த அளவுக்கே மிஞ்சியிருக்கிறது. 2019-இல் வந்த தமிழகக் கட்டிட விதிகளில் கலப்புக் குடியிருப்பு என்றொரு வகுப்பு இருக்கிறது. வீட்டின் கீழே கடை வைக்க அது அனுமதி தரும்; அந்தக் கடைக்கு விடியற்காலையில் நடந்து வரும் தோணிக்கூலிகளை வேறு எங்கிருந்தாவதுதான் தேட வேண்டும்.